கல்பகத்தின் பன்னிரண்டாவது நோட்டு

கல்பகத்துக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இத்தனை வருஷத்தில் "தப்பு என்னோடது" என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பதை அவள் கணவர் ஜகதீசன் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பார், அதுவும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. சாம்பாரில் உப்பு கூடிப்போனால் அது கடைக்காரன் கொடுத்த புது உப்பு. செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயிலைக் கோட்டை விட்டால், அன்றைக்கென்று பார்த்து ரயில்காரன் சரியான நேரத்துக்கு எடுத்துவிட்டான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்ரேயாவுக்கு அம்மா பேசும் திருநெல்வேலித் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். "அம்ம எப்புடூ கரெக்டே" என்று அவள் கையைத் தூக்கிச் சரணடைவாள். அம்மா எப்போதும் சரிதான். கல்பகம் அதைக் கேலியாகவே எடுத்துக்கொள்வதில்லை. உண்மையைச் சொன்னால் அதில் கேலி எங்கே வந்தது என்று நினைப்பாள்.

அப்படி நினைப்பதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. மல்காஜ்கிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் ஷாமீர்பேட்டைக்கு அப்பால் ஒரு தடுப்பூசித் தொழிற்சாலை. அங்கே தரம் பார்க்கும் லேபில் அவளுக்கு உத்தியோகம். பதினாறு வருஷமாகத் தன் கையால் எழுதிய நோட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பதினொன்று முடிந்து பன்னிரண்டாவது நடந்துகொண்டிருந்தது.

அந்த லேபில் ஒரு சட்டம் உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. பழைய எண் அடியில் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், என்ன காரணம், கையெழுத்துச் சுருக்கம், தேதி. மற்றவர்களின் நோட்டைப் பிரித்தால் ரயில்வே யார்டு மாதிரி கோடாகக் கிடக்கும். கல்பகத்தின் பதினொரு நோட்டிலும் முடிவு எண் எதன் மேலும் ஒரு கோடு கிடையாது. வெளியிலிருந்து ஆய்வுக்கு யாராவது வந்தால் மேனேஜர் உமேஷ் முதலில் அந்த அலமாரியைத்தான் திறந்து காட்டுவார். கல்பகம் அந்த நேரம் பார்த்து ஏதோ வேலையாகப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

அவள் செய்வது அளவு தெரியாத ஒன்றின் அளவைக் கண்டுபிடிக்கிற வேலை. தடுப்பூசி மருந்தில் சத்து எவ்வளவு இருக்கிறது என்று தராசில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் அளவு தெரிந்த ஆறு திரவங்களையும் தெரியாத ஒன்றையும் ஒரே பிளேட்டின் சின்னச் சின்னக் குழிகளில் விட்டு மஞ்சள் நிறம் வரவைப்பார்கள். சத்து கூடக் கூட மஞ்சள் அழுத்தமாகும். தெரிந்த ஆறின் நிறத்தையும் ஆறு புள்ளிகளாக வைத்து அவற்றின் ஊடே ஒரு வளைவு போட வேண்டும். தெரியாததன் நிறம் அந்த வளைவில் எங்கே போய்த் தொடுகிறதோ, அங்கிருந்து நேரே கீழே இறங்கினால் அளவு கிடைத்துவிடும். மருந்து கெட்டியாக இருப்பதால் அப்படியே வைக்க முடியாது. ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்துப் பார்த்துவிட்டு, வந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் கல்பகம் அந்த வளைவை கிராஃப் தாளில் பென்சிலால் போட்டவள். அப்போது அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரும் கேட்காமலே, ஒரே மருந்தை ஆயிரம் மடங்கிலும் இரண்டாயிரம் மடங்கிலும் வைத்துப் பார்ப்பாள். இரண்டாவதில் பாதி வந்தால் நிம்மதி. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வளைவை அதுவே போட்டு, அளவை இரண்டு தசம ஸ்தானத்தோடு துப்பியது. எதற்கு இரண்டு குழியைக் கூடுதலாக வீணாக்க வேண்டும் என்று அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள். விட்டதை அவளே மறந்தும் போனாள்.

பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டு கல்பகத்துக்கு. பக்கத்து சீட்டு திரிபுரசுந்தரிக்கு. பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம் அவளுடையது. தமிழ், தெலுங்கு, உருது எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறிப் பேசுவாள். கல்பகம் மருந்தைச் சோதிக்கிறவள் என்றால் திரிபுரசுந்தரி அதைத் தயாரிக்கிற பகுதியில் இருப்பவள். நாலு வருஷமாக கான்டிராக்டில் ஓடிக்கொண்டிருந்தது அவள் வேலை. 2005 ஆகஸ்டில் பத்தொன்பதாம் நம்பர் பேட்ச்சை முழுக்க அவள் பொறுப்பில் விட்டார்கள். அது தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மாதக் கடைசியோடு கான்டிராக்ட் முடிகிறது, புதுப்பிப்பதாக இல்லை. இதை மறைத்தெல்லாம் சொல்லவில்லை, நேராகவே சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரமாக பஸ்ஸில் அல்வால் தாண்டி பொல்லாரம் வரை அந்த பேட்ச்சைப் பற்றித்தான் பேச்சு. இந்த மாதிரி ஒரு பேட்ச் தன் கையில் வந்ததே இல்லை என்று திரிபுரசுந்தரி பிள்ளை பெற்றவள் மாதிரி பூரித்துப் பேசுவாள்.

செவ்வாய்க்கிழமை அந்த மருந்து கல்பகத்திடம் வந்தது. மூன்று டியூப்களை ஸ்டாண்டில் வரிசையாக வைத்தாள். முதல் டியூப்பில் பத்து மடங்கு, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டாவதில் நூறு மடங்கு, அதிலிருந்து எடுத்து மூன்றாவதில் ஆயிரம். மூன்றாவதை பிளேட்டில் விட வேண்டிய நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் எதிர் மேஜைக்கு மட்டும்தான். வாய்க்குள் மின்சாரத் துறையைத் திட்டிக்கொண்டே ஸ்டாண்டைத் தூக்கிப்போய் எதிர் மேஜையில் வைத்து, வேலையை முடித்தாள்.

மதியம் கம்ப்யூட்டர் சொன்ன கணக்கில் பத்தொன்பதாம் பேட்ச் ஏழாயிரத்து நானூறு. குறைந்தது பன்னிரண்டாயிரம் இருந்தாக வேண்டும்.

கல்பகம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதே பிளேட்டில், முன்பே அளவு தெரிந்த மருந்து ஒன்றையும் காவலுக்கு வைப்பார்கள், கண்ட்ரோல் என்று பெயர். அது துல்லியமாக வந்திருந்தது. அதில் கூடவே வைத்த மற்ற இரண்டு பேட்ச்சும் தேறியிருந்தன. அப்புறம் என்ன சந்தேகம்? எண்ணை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரிபுரசுந்தரி லேப் வாசலுக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"அக்கா, ஒரே ஒரு தடவை திரும்பப் பாருங்க. இது அப்படிப்பட்ட பேட்ச் இல்ல. எனக்குத் தெரியும்."

"கண்ட்ரோல் சரியாத்தானே வந்திருக்கு? பிறகு என்னத்துக்குத் திரும்பப் பார்க்கணும்?" என்றாள் கல்பகம். கொஞ்சம் நயமாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தன் எண்ணை ஒருத்தி சந்தேகப்பட்டுவிட்டாளே என்று சுருக்கென்றிருந்தது. அந்த நேரத்தில் சிநேகிதம் இரண்டாம்பட்சமாகிவிட்டது.

தவிர, நினைத்தவுடன் திரும்பச் சோதிக்கவும் முடியாது. தேறுகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே போனால் எந்த மருந்துதான் தேறாது? அதனால் சோதனை செய்தவர் தன் வேலையில் இன்ன தவறு நேர்ந்தது என்று கண்டுபிடித்து எழுதினால்தான் மறுசோதனை. அதற்கென்று ஒரு படிவம் உண்டு. கருவியில் கோளாறா, கரைசல் பழசா, கைப்பிழையா என்று பதினான்கு கேள்விகள். கல்பகம் பதினான்குக்கும் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தாள். அப்படியானால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு பேட்ச்சைக் கொதிக்க வைத்து வடிகாலில் விட்டுவிடலாம் என்று உமேஷ் தேதி குறித்தார். அவருக்கும் மனசே இல்லை.

புதன்கிழமை காலை திரிபுரசுந்தரி பஸ் ஏறி, மூன்றாவது வரிசையைத் தாண்டி நேரே கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கல்பகம் பதிலுக்கு இரண்டு கொடுத்துவிட்டுச் சாதாரணமாகியிருப்பாள். அவள் திட்டவில்லை, லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனாள். கல்பகம் பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்தாள். அது ஒவ்வொரு வேகத்தடைக்கும் சரிந்து சரிந்து விழுந்தது. பொல்லாரம் வருவதற்குள் அதை நாலு தடவை எடுத்து வைத்துவிட்டாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட ஜகதீசன், பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷம் அளவுகருவிகளோடு காலம் தள்ளியவர், ஒரு முறை சரிபார்த்தால்தான் என்ன என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில், செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்ரேயா பள்ளியிலிருந்து புயலாக வந்து சேர்ந்தாள். டிபன் டப்பாவில் எண்ணெய் விடாத சுக்கா சப்பாத்தியும் பாகற்காயும் இருந்ததாம். பாகற்காய் ஜகதீசனின் சர்க்கரைக்காக. அப்படியானால் ஸ்ரேயாவின் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்கே போயின என்று கேட்க வேண்டியதில்லை. அரை மணி கழித்து ஜகதீசன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். வறுவல் பிரமாதம் என்றும், இந்த மாதிரி மருந்துச் சாப்பாடு தினமும் கொடுத்தால் நூறு வயசு இருப்பேன் என்றும் சொன்னார்.

கல்பகம் வழக்கம்போல உடனே தீர்ப்புச் சொன்னாள்.

"வேலைக்கு வர்ற அன்னக்கிளி மேடையைத் துடைச்சிட்டுப் பையைத் திருப்பி வச்சிருக்கா. ரெண்டும் ஒரே நீலப் பை. நான் எப்பவும் போல வலது பக்கம் இருந்ததை எடுத்து உங்க கையில கொடுத்தேன். என் கை அங்கதானே போகும்?"

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்த காபி தம்ளர் நடுவழியில் நின்றது. ஸ்ரேயா "அம்மா?" என்றாள். கல்பகத்தின் காதில் விழவில்லை. அவள் கண்ணுக்குள் எதிர் மேஜை நின்றது. கரண்ட் போனதும் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போனது, வைத்தது, லேபிள் ஒட்டிய பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. வலது ஓரத்து டியூப்பிலிருந்து எடுத்தாள். எப்போதும் மூன்றாவது டியூப் வலது ஓரத்தில்தான் இருக்கும். ஸ்டாண்டு திரும்பியிருந்தால் அங்கே இருந்தது முதல் டியூப். கை அங்கதானே போகும்?

வெள்ளிக்கிழமை பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. லேபுக்குள் நுழைந்ததும் நேரே குளிர்பெட்டியைத் திறந்தாள். முடிவு ஒப்புக்கொள்ளப்படும் வரை டியூப்களைக் கொட்டக் கூடாது என்பதும் சட்டம், நல்லவேளை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஆயிரம் மடங்கு என்று எழுதிய மூன்றாவது டியூப் நிரம்பியபடியே இருந்தது. அதை யாரும் தொட்டதற்கு அடையாளமே இல்லை. பத்து மடங்கு டியூப்பில், நூறு மடங்குக்கு எடுத்தது போக இன்னும் இரண்டு குழிக்கான அளவு குறைந்திருந்தது.

நூறு மடங்கு கெட்டியான மருந்தை அவள் பிளேட்டில் விட்டிருக்கிறாள். அப்படியானால் மஞ்சள் கொளுத்தியிருக்க வேண்டாமா, ஏன் வெளிறியது? அதுவும் ஒரு நொடியில் புரிந்துபோயிற்று. குழியில் ஒவ்வொரு சத்துத் துணுக்கையும் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒருவர் குழியின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பவர், இன்னொருவர் நிறத்தைக் கொண்டுவருபவர். துணுக்குகள் அளவோடு இருந்தால் இருவரும் ஒன்றையே இரு பக்கமும் பிடிப்பார்கள். கூட்டம் அலைமோதினால் கீழே இருப்பவர் ஒன்றைப் பிடிப்பார், நிறக்காரர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு மிதப்பார். கழுவும்போது நிறக்காரர் போய்விடுவார். சத்து மிதமிஞ்சினால் சத்தே இல்லாததுபோல நிறம் இறங்கும். இறங்கிய நிறத்தையும் வளைவில் பொருத்தி, கம்ப்யூட்டர் கூச்சமே இல்லாமல் ஏழு புள்ளி நாலு என்று சொல்லிவிட்டது. பழைய வழக்கப்படி இன்னொரு மடங்கிலும் வைத்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

லேபில் இன்னும் யாரும் வரவில்லை. பார்த்தது அவள் ஒருத்திதான்.

உமேஷ் வந்ததும் மறுசோதனை வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது நினைவிருந்தது அவருக்கு. படிவத்தில் மூன்றாம் கேள்வி மின்தடையால் பிழை வந்ததா என்பது, அதற்கு "ஆம்" என்று எழுதிவிடுங்கள், யாருக்கும் தலைவலி இல்லை, உங்கள் நோட்டும் அப்படியே இருக்கும் என்றார். மொத்த பிளேட்டும் ரத்தாகும், மற்ற இரண்டு பேட்ச்சையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கல்பகம் பேனாவை எடுத்தாள். மூன்றாம் கேள்விக்கு நேரே கொண்டுபோனாள். கரண்ட் போனது பொய்யில்லையே? போகாமல் இருந்தால் ஸ்டாண்டைத் தூக்கியே இருக்க மாட்டாளே? உப்புக்கும் ரயிலுக்கும் சொன்னதை விட இது எவ்வளவோ உறுதியான காரணம். பதினொரு நோட்டு அலமாரியில் பளபளவென்று நின்றது. ஆனால் மூன்று நாளாகக் கடைசி சீட்டில் போய் உட்காரும் திரிபுரசுந்தரியும் நினைவுக்கு வந்தாள். அவள் கேட்டது ஒரு தடவை திரும்பப் பார்க்கச் சொல்லி மட்டும்தான். கல்பகத்துக்கு வெட்கமாக இருந்தது. காது மடல் வரை சுட்டது. பேனாவை இறக்கிப் பதினோராம் கேள்விக்கு வந்தாள். கைப்பிழையா? முன்பு எழுதிய "இல்லை"யின் மேல் ஒரு கோடு. "ஆம். மூன்றாவது டியூப்புக்குப் பதில் முதல் டியூப்பிலிருந்து எடுத்துவிட்டேன்." கையெழுத்துச் சுருக்கம், தேதி.

உமேஷ் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் கையெழுத்தைப் போட்டார்.

புது மருந்து எடுத்து, புதிதாக நீர்க்க வைத்து, ஒவ்வொரு டியூப்பின் லேபிளையும் வாய்விட்டுப் படித்துவிட்டுப் பிளேட்டில் விட்டாள். ஆயிரம் மடங்கு ஒன்று, இரண்டாயிரம் மடங்கு ஒன்று. பழைய முதல் டியூப்பையும் விடவில்லை. அதை அப்படியே ஒரு குழியிலும், பாதிக்குப் பாதி நீர்க்க வைத்து இன்னொரு குழியிலும் விட்டாள். ஒரு மணிக்கு நிறம் வந்தது. உமேஷ் குனிந்து பார்த்துவிட்டு, பழைய டியூப்பில் நீர்க்க வைத்த குழி மட்டும் எப்படி அழுத்தமாக இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர் சேர்க்கச் சேர்க்க நிறம் ஏறுவதை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கல்பகம் இரண்டு கைகளையும் நீட்டி, கீழே இருப்பவர், நிறக்காரர் என்று அவருக்கு நடித்தே காட்டினாள். புது மருந்தில் ஆயிரம் மடங்கு பதினைந்து புள்ளி ஒன்று. இரண்டாயிரம் ஏழு புள்ளி ஆறு. கிட்டத்தட்டச் சரிபாதி. பத்தொன்பதாம் பேட்ச் பதினைந்தாயிரத்து நூறு. அந்த வருஷத்தின் அத்தனை பேட்ச்சிலும் அதுதான் உச்சம்.

பன்னிரண்டாவது நோட்டைத் திறந்து 7400 மேல் கோடு கிழித்தாள். ஸ்கேல் வைத்து ஒரே கோடாகக் கிழித்தாள். கிழிக்கிற கோட்டையாவது நேராகக் கிழிப்போம் என்றிருந்தது.

செய்தி திரிபுரசுந்தரிக்கு இரண்டு மணிக்கே போய்விட்டது, உமேஷ் ஃபோனில் சொல்லிவிட்டார். பேட்ச் தேறியது என்று மட்டும் சொன்னார், முதலில் ஏன் தேறவில்லை என்பதைச் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் அவள் பழக்கதோஷத்தில் கடைசி சீட்டுக்கே போயிருந்தாள். கல்பகம் மூன்றாவது வரிசையில் நிற்காமல் நடந்தாள். பஸ் கிளம்பிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆடிக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"திரிபுரா, உன் பேட்ச் முதல்லயே நல்லாத்தான் இருந்தது. நான்தான் வேற டியூப்ல எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். திரிபுரசுந்தரியின் கண் நிறைந்துவிட்டது. மடியில் இருந்த பையை அவசரமாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"நக்கோ அக்கா, வேணாம், கை தவறினதுக்குப் போய் இவ்வளவு சத்தமா? உக்காருங்க முதல்ல, விழுந்திடுவீங்க."

கல்பகம் உட்கார்ந்தாள். மல்காஜ்கிரி வரை இருவரும் வாய் மூடவில்லை.

வீட்டில் கதை முழுவதையும் கேட்ட ஜகதீசன் தலையில் கையை வைத்துக்கொண்டார். பத்தொன்பது வருஷம் காத்திருந்த வார்த்தையை யாரோ நாற்பது பேர் பஸ்ஸில் கேட்டுவிட்டார்கள், தனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று புலம்பினார். ஒரே ஒரு தடவை இங்கேயும் சொல்லேன் என்று கெஞ்சினார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க, சொல்லுதேன்" என்றாள் கல்பகம், காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

மறுநாள் சனிக்கிழமை, ஜகதீசனுக்கும் ஸ்ரேயாவுக்கும் வேலை நாள். ஜகதீசன் ஷூவை மாட்டிக்கொண்டு சமையலறை மேடைக்கு வந்தார். இரண்டு நீலப் பைகளும் இருந்தன. ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் லேபில் ஒட்டுகிற வெள்ளை லேபிள். ஒன்றில் "ஸ்ரேயா". மற்றதில் முதலில் "ஸ்ரேயா" என்று எழுதியிருந்தது. அதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு, பக்கத்தில் "அப்பா". அதற்குக் கீழே பொடி எழுத்தில், "வியாழக்கிழமை மாற்றிக் கொடுத்துவிட்டேன்", க.ஜ., அன்றைய தேதி.

கல்பகம் முதுகைக் காட்டிக்கொண்டு மும்முரமாக அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜகதீசன் லேபிளை இரண்டு முறை படித்துவிட்டு, பாகற்காய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.